என்ன முறை வேணும்?

1

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். துணியின் மேல் சாக்பீஸால் கோடு போட்டே பழகிய கை, தாளில் எழுதினால் வரி மேலும் கீழும் போகிறது. எந்த இடத்தில் எந்த 'ல' என்பதில் இன்றும் சந்தேகம்தான். பத்திரிகை நடத்தும் நண்பர் பிழைகளைத் திருத்திக்கொள்வதாகச் சொன்னதால் எழுதத் துணிந்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மகளிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா, நாங்க படிக்க மாட்டோம்" என்றாள். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன், இப்போது மொரீசியஸ் தீவில் அதே வேலையைச் செய்கிறேன். விடியும்போது கம்பெனி பஸ் வரும். வழியெல்லாம் கரும்பு. உள்ளே போனால் பங்களாதேஷ் பையன்கள், மடகாஸ்கர் பெண்கள், நம் ஆட்கள் கொஞ்சம். எல்லோருக்கும் பொதுவான பேச்சு கிரியோல். வந்த புதிதில், காலையில் கேட்டில் நிற்கும் காவலாளிக்கு 'மாலை வணக்கம்' என்பதற்கான சொல்லைச் சொல்லிக்கொண்டே போய்விட்டேன். பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் இன்றும் காலையில் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு அதையே சொல்கிறார்.

நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா தமிழ் வம்சம். அவர் பாட்டன் காலத்தில் கரும்பு வெட்ட வந்த குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். போன மாதம் என் போனில் பேரன் படத்தைப் பார்த்தார். நெற்றி உன் நெற்றி என்றார். பிறகு அவன் முகவாயில் இருக்கும் குழியைத் தொட்டுக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். நான் இன்னொரு படத்தை எடுத்துக் காட்டினேன். அதில் செல்லதுரை நின்றிருந்தார். அவர் முகவாயிலும் அதே குழி.

இவர் யார் என்று கேட்டார். "மோ ஃபாமி" என்றேன். என் குடும்பத்து ஆள், என் சொந்தம் என்று அர்த்தம். அம்மா தலையாட்டிவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். இந்த ஊரில் அந்தப் பதில் போதும். நம் ஊரில் போதாது. அடுத்த கேள்வி உடனே வரும்: "சொந்தம்னா, என்ன முறை வேணும்?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் கிடையாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

நான் ஆணோடு வாழ விரும்பிய ஆண். இதை இப்படி நேராக எழுத எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

செல்லதுரை சாத்தூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நான் வேலை பார்த்த கம்பெனியில் அயர்னிங் டேபிளில் இருந்தார். நான் திருப்பூர்ப் பக்கத்துச் சேவூர்க்காரன். யாரிடமும் வாய் திறந்து பேச மாட்டேன், அவருக்கு வாய் ஓயாது. என்னை "லே பழனி" என்பார். நான் அன்றும் இன்றும் அவரை "வாங்க, போங்க" என்றுதான் சொல்கிறேன். "ஒரே பாயில படுத்துக்கிட்டு என்னல மரியாத" என்று கேலி செய்வார். எங்கள் பக்கத்துப் பழக்கம் அப்படி, நாக்கு மாறவில்லை.

அதே கம்பெனியில் செக்கிங்கில் சரோஜாவும் பேச்சியம்மாளும் இருந்தார்கள். சரோஜா உடுமலைப் பக்கம், பேச்சி தெற்கத்திப் பெண். ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்து பிசிர் வெட்டுவார்கள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். ஒருத்தி லீவு என்றால் மற்றவள் முகம் அன்றைக்கு முழுவதும் விழுந்து கிடக்கும். மற்றவர்கள் அதைத் தோழிகள் என்று நினைத்தார்கள். எனக்கும் செல்லதுரைக்கும் பார்த்ததும் தெரிந்தது.

ஒரு நாள் டீ நேரத்தில் சரோஜா என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துப் பேசினாள்.

"ஏனுங்க, உங்க ஊட்லயும் பொண்ணு பாக்கறாங்களாமா?"

"ஆமாங்க."

"எனக்கும் மாப்பிள்ளை பாக்கறாங்க. பேச்சிக்கும் பாக்கறாங்க." டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "எங்களப் பாத்தா உங்களுக்குத் தெரியுமுங்க. உங்களப் பாத்தா எங்களுக்கும் தெரியுது. நாலு பேரும் நாலு பக்கம் போய் மாட்டிக்கறதுக்கு, ஒரே எடத்துல இருந்துக்கலாமுல்லீங்க?"

எனக்கும் சரோஜாவுக்கும் சாதி ஒத்துப்போனது. செல்லதுரைக்கும் பேச்சிக்கும் ஒத்துப்போனது. அந்த அதிர்ஷ்டத்தால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சந்தோஷமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். சரோஜா என் மனைவி ஆனாள், பேச்சி செல்லதுரையின் மனைவி ஆனாள். வாழ்ந்தது அவர்கள் இருவரும் ஒன்றாக, நாங்கள் இருவரும் ஒன்றாக.

கொஞ்ச காலத்தில் 'விசேஷம் இல்லையா' என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்காமல் இருந்திருந்தாலும் எங்கள் நால்வருக்கும் பிள்ளை ஆசை இருந்தது. உட்கார்ந்து பேசி, ஒருவர் மனம் ஒருவர் அறிந்துதான் பெற்றோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. பேச்சிக்கு அன்பு பிறந்தான். அடுத்து சரோஜாவுக்குத் தேன்மொழி.

3

திருப்பூர் வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் எதிரெதிராக இரண்டு வீடு கிடைத்தது. குடி வந்த அன்றே வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கேட்டார்: "ரெண்டு குடும்பமும் ஒண்ணா வந்திருக்கறீங்க. என்ன முறை வேணும்?"

நாங்கள் ஆண்கள் இருவரும் விழித்தோம். சரோஜா செல்லதுரையைக் காட்டி, "இவரு எனக்கு அண்ணன் முறைங்க" என்றாள். பேச்சியும் சட்டென்று என்னைக் காட்டி அதையே சொன்னாள். வீட்டுக்காரம்மாவுக்குத் திருப்தி. ஒரு பெண் இருக்கும் வீட்டுக்குள் வேறொரு ஆண் எந்நேரமும் வந்து போனால், அவன் அண்ணனாக இருந்தால்தான் லைனில் வாய்கள் சும்மா இருக்கும். எங்கள் பெண்களின் மானத்துக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது.

பிள்ளைகளுக்குப் பேச்சு வந்தபோது மற்றதெல்லாம் தானாக நடந்தது. அம்மாவுக்கு அண்ணன் என்றால் மாமா. மாமாவின் மனைவி அத்தை. தேனு செல்லதுரையை மாமா என்றாள், அன்பு என்னை மாமா என்றான். அப்படிக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்ளும் முறை ஆகிவிடுவார்கள் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? எங்கள் நான்கு பேருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் எங்கள் மனதில் அவர்கள் அண்ணன் தங்கை. மாமா, அத்தை எல்லாம் வாசலில் நிற்பவர்களுக்குச் சொன்ன பேச்சு.

சமையல் சரோஜா வீட்டில். ஆறு பேருக்கும் ஒரே உலை. படுக்கும்போது பெண்களும் பிள்ளைகளும் ஒரு வீடு, நாங்கள் இருவரும் எதிர்வீடு. இடம் பத்தவில்லை என்று சொல்லிக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளின் யூனிபாரத்தையும் செல்லதுரைதான் தேய்ப்பார். கம்பெனியில் ஏற்றுமதித் துணிக்குக்கூட அவ்வளவு பார்க்க மாட்டார். தேனுவுக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். சரோஜா பின்னினால் கோணல் என்று அவள் அழுவாள். டி.வி.எஸ்.ஸில் முன்னால் அவளையும் பின்னால் அவனையும் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். பார்க்கிறவர்களிடம் "என் ரெண்டு புள்ளைக" என்பார். மருமகளை மகள் மாதிரி நினைக்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

தேனு பெரியவளானபோது தாய்மாமன் சீர் அவர்தான் செய்தார். பட்டுப்பாவாடையை விடியற்காலையில் எழுந்து தானே தேய்த்து, மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எதிர்வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அந்த நாலு அடியை மேளத்தோடு நடந்து வந்தார். லைனே கூடி நின்றது. ஒரு அம்மா பேச்சியிடம் சொன்னார்: "ஏனுங்க பேச்சியக்கா, மருமவ எதிர்லயே வளருது. பொண்ணு பாக்கற பஸ் செலவுகூட உங்களுக்கு இல்லீங்க." எல்லோரும் சிரித்தோம். செல்லதுரை எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

4

அன்பு பாலிடெக்னிக் படிக்கக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனான். தேனு கல்லூரி சேர்ந்தாள். திருப்பூரில் ஆர்டர் குறைந்தது. மொரீசியஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜெண்டு வந்தபோது நான் போனேன். செல்லதுரைதான் பெட்டி கட்டினார். எல்லாச் சட்டையையும் தேய்த்து அடுக்கினார். தீவுக்கு வந்து சேர்ந்து பெட்டியைத் திறந்தபோது எடுத்துப் போட மனம் வரவில்லை.

இங்கே அடிக்கடி வேலை அனுமதிப் பேப்பர் புதுப்பிக்க வேண்டும். எக்ஸ்ரே, ரத்தம், கைரேகை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விகளைக் கேட்பாள். கல்யாணம் ஆகிவிட்டதா? ஏதாவது நடந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும்? நான் சரோஜா பெயரைச் சொல்வேன். பொய் இல்லை. சரோஜா எனக்குக் காய்ச்சல் என்றால் அழுவாள். ஆனால் என் உடம்பு ஊர் போய்ச் சேர்ந்தால் முதலில் யார் நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுவார் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? அதுவும் கிரியோலில்?

நான் தீவுக்கு வருவதற்கு முன்பே, ஆணும் ஆணும் வாழ்வது குற்றமில்லை என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. வீரபாண்டி வீட்டில் நாங்கள் நால்வரும் அதை டி.வி.யில் சேர்ந்து பார்த்தோம்.  பேச்சி எழுந்து போய் ரசம் கூட்டினாள். அவ்வளவுதான் எங்கள் கொண்டாட்டம்.

அன்பு படித்து முடித்துத் திருப்பூரிலேயே ஒரு கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆனான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜா கூப்பிட்டாள். சாப்பாடு, மழை, தண்ணீர் எல்லாம் பேசிவிட்டுச் சொன்னாள்: "தேனும் அன்பும் கட்டிக்கறேங்கறாங்க."

ஆளுக்கொரு துணை தேடிக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "யாருங்க பொண்ணு? மாப்பிள்ளை யாரு?" என்றேன்.

"அட, அவன இவளும் இவள அவனும்தானுங்க."

5

லீவு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஆறு பேரும் சரோஜா வீட்டில் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நால்வரும் முடிவு செய்திருந்தோம். ஏன் வேண்டாம் என்கிறோம் என்பதற்கு வேறு காரணமே கிடையாது. ரத்தச் சொந்தம் இல்லை. ஊர் பார்வையில் முறை பொருந்துகிறது. நல்ல பிள்ளைகள்.

மூத்தவன் என்பதால் நான் ஆரம்பித்தேன். எனக்குப் பேச வராது. "நானும் மாமாவும்..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். தேனு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியுமுங்கப்பா. எந்த ஊட்டு முன்னால யார் செருப்புக் கெடக்கும்னு தெனமும் பாத்து வளந்தவங்க நாங்க."

பேச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சரோஜா அவள் முதுகில் கை வைத்தாள். பிள்ளைகள் முன்னால் அவள் அப்படிக் கை வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

செல்லதுரை கேட்டார்: "அப்ப எல்லாம் தெரியும். நாம ஒரே குடும்பம்னு தெரியும். தெரிஞ்சும் அவன் ஒனக்கு அண்ணன்னு தோணலையா தாயீ?"

"சித்தப்பான்னு கூப்பிடச் சொல்லியிருந்தா தோணியிருக்கும் மாமா. நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் கூப்பிட்டோம். லைன்ல அத்தன பேரும் கேலி பண்ணப்ப நீங்களும் சிரிச்சீங்க."

அன்பு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "ரேஷன் கார்டு ரெண்டு. பள்ளிக்கூடத்துல அப்பா பேரு ரெண்டு. வெளிய யாரு கேட்டாலும் ரெண்டு குடும்பம்னு சொல்லச் சொன்னதே நீங்கதானப்பா. இப்ப மட்டும் ஒண்ணுன்னா, நாங்க எத நம்பறது?"

அவன் கேட்டதில் தப்பில்லை. எங்கள் குடும்பம் நால்வர் மனதில் மட்டும் இருந்த குடும்பம். அதைப் பிள்ளைகளிடமிருந்தும் சேர்த்துத்தான் மறைத்திருக்கிறோம்.

சரோஜா முதலில் இறங்கி வந்தாள். பிடிவாதம் பிடித்து இரண்டையும் இழப்பதா என்றாள். பேச்சியும் சரி என்றாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குள் ஒரு ஆசை வந்திருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இந்தக் கல்யாணம் நடந்தால் நானும் செல்லதுரையும் சம்பந்திகள். எங்களுக்குள் ஊரறிய ஒரு உறவு. ஆஸ்பத்திரியிலோ போலீஸிலோ யார் கேட்டாலும் நிமிர்ந்து சொல்லலாம். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"கட்டிக்கட்டுமுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு முறை வந்துருமுல்லீங்க. சம்பந்தின்னு சொல்லிக்கலாமுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது.

"எம் புள்ளைய எம் புள்ளைக்கே கட்டிவைக்கச் சொல்லுதியா பழனி?" என்றார். "எனக்கு நீ சம்பந்தியாலே? இத்தன வருசம் நான் ஒனக்கு என்னவா இருந்தேன்னு ஒனக்குத் தெரியாதா? வேற பேரு எதுக்கு?"

 அவர் எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

6

மலைக்கோயிலில் கல்யாணம் நடந்தது. சாதி வேறு என்பதால் எங்கள் சொந்தத்திலும் அவர்கள் சொந்தத்திலும் ஏறக்குறைய யாரும் வரவில்லை. சரோஜாவின் சித்தப்பா மகன் ஒருவர் மட்டும் வந்தார். கூட்டமெல்லாம் லைன்காரர்கள்தான். நாங்கள் அப்போதே சொன்னோமே என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

சம்பந்திகள் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில் செல்லதுரையைக் காணவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டை வைத்துக்கொண்டு நான் நின்றேன். கடைசியில் பேச்சி வந்து வாங்கிக்கொண்டாள். தாலி கட்டும்போது பார்த்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு. மற்றவர்களோடு அவரும் அட்சதை போட்டார். சாப்பிடவில்லை.

அடுத்த நாள் ஒரு பையோடு சாத்தூர் பஸ் ஏறினார். நான் பஸ் நிலையம் வரை போனேன். என்னோடு சண்டை எதுவும் போடவில்லை. "நீ சாப்பாட்ட நேரத்துக்குத் தின்னு" என்று மட்டும் சொன்னார். அங்கே ஒரு தேய்ப்புக்கடையில் இருக்கிறார் என்று பேச்சி சொல்லித் தெரியும்.

லீவு முடிந்து நான் தீவுக்குத் திரும்பினேன். தேனும் அன்பும் கம்பெனிக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை வீடியோவில் பேசுவார்கள், அவசரமாக. வீரபாண்டியில் எதிர்வீட்டைக் காலி செய்தாயிற்று. பெண்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். 'சம்பந்தியம்மாக்கள் ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துமை' என்று லைனில் மெச்சுகிறார்களாம். சரோஜா அதைச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் நால்வரில் அந்த இருவருக்காவது ஒரு பெயர் கிடைத்தது.

7

பேரன் பிறந்தான். நானும் செல்லதுரையும் எத்தனை ஜென்மம் வாழ்ந்தாலும் எங்கள் இருவர் ரத்தமும் ஒரு உடம்பில் ஓட வழி இல்லை என்று நினைத்திருந்தேன். ஓடுகிறது. படம் வரும்போதெல்லாம் அதை அவருக்கு அனுப்புகிறேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டும். பதில் வராது. கூப்பிட்டால் எடுக்க மாட்டார். பிள்ளையைப் பார்க்க அவர் இன்னும் வரவில்லை.

போன வாரம் பேரனுக்கு மொட்டை அடித்துக் காது குத்தினார்கள். எனக்கு லீவு இல்லை. முதல் நாள் சரோஜா போனில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தேனுவுக்கு உடன்பிறந்தவன் இல்லையே, என்ன செய்வது என்றாள்.  கடைசியில், தேனுவுக்கே மாமன் முறை ஆகும் சரோஜாவின் அந்தச் சித்தப்பா மகனையே வரச் சொல்லி, அவர் மடியில் வைத்துக் குத்தினார்கள். நல்ல மனிதர். பிள்ளைக்கு அவரை முன்பின் தெரியாது, கதறிவிட்டான். அன்பு பக்கத்தில் நின்று கிலுகிலுப்பை ஆட்டினான்.

அந்த வீடியோவைச் செல்லதுரைக்கு அனுப்பினேன். நேற்று மத்தியானம் கம்பெனி கேண்டீனில் இருந்தபோது போன் அடித்தது. அவர் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. வாசலுக்கு ஓடினேன்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ஆச்சுங்க. நீங்க?"

"ம்." தேய்ப்புக்கடைச் சத்தம் பின்னால் கேட்டது. "புள்ள ரொம்ப அழுதானோ?"

"கொஞ்ச நேரந்தானுங்க. அப்பறம் தூங்கிட்டானாமா."

"அவன் உக்காந்திருந்த மடி யாரு மடி? எனக்கு மொகம் தெரியல."

சொன்னேன்.   

"அன்பு மடியிலல்லா உக்கார வச்சிருக்கணும், பழனி" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

இதை எழுதி முடித்தது, கார்த்திகை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, பகல்.